கறவைப் பசுக்களின் இரத்த நிலையும் இராயக்கோட்டைக் குடியானவர்களும்

கன்று ஈன்ற மறுநாள் பசுவொன்று தொழுவத்தில் படுத்துத் தலையை விலாப்புறம் திருப்பி வைத்துக்கொண்டு எழுப்பியும் எழாதிருக்குமாயின், வீட்டார் அனைவரும் பதறுகின்றனர்; மருத்துவருக்கு உடனே ஆள் போகிறது; செலவு எவ்வளவாயினும் செய்யப்படுகிறது. அதே தொழுவத்தில் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, வைத்த தீவனத்தை அரை மனத்துடன் தின்று, கறக்க வேண்டிய அளவில் ஒரு லிட்டரோ இரண்டு லிட்டரோ குறைத்துக் கறக்கும் மற்றொரு பசுவைப் பற்றி எவரும் கவலை கொள்வதில்லை. விழுந்த பசுவின் இரத்தத்தில் எந்தக் குறை உளதோ, அதே குறை சற்றுக் குறைந்த அளவில் நிற்கும் பசுவின் இரத்தத்திலும் இருக்கலாம். முன்னது கண்ணுக்குத் தெரிகின்ற நஷ்டம். பின்னது தெரியாத நஷ்டம். தெரியாத நஷ்டத்தைத் தேடிக் காணும் வழக்கம் கிராமங்களில் ஏற்படும் வரையில், கறவைத் தொழிலில் குடியானவர் அடைய வேண்டிய லாபத்தை முழுவதும் அடையார்.

இராயக்கோட்டைச் சுற்றுப்புறம்

கிருஷ்ணகிரி ஜில்லா, தேன்கனிக்கோட்டைத் தாலூகாவைச் சேர்ந்த இராயக்கோட்டையும் அதன் சுற்றுக் கிராமங்களும் தக்காளிக்கும் பிற காய்கறிகளுக்கும் பெயர் பெற்றவை. தக்காளியின் விலை ஒரு மாதம் ஏறியும் மறு மாதம் கூடைக் கூலிக்கும் பற்றாமலும் போவது இப்பகுதியார் நன்கு அறிந்ததே. வீட்டிலுள்ள வாலிபர்கள் ஒசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்ல, தொழுவத்தின் பொறுப்பு பெரும்பாலும் பெண்டிர் மீதும் முதியோர் மீதும் விழுகின்றது. பயிர் கைவிட்ட காலத்திலும் தவறாமல் வரும் பணம் பால் பணம் ஒன்றே. ஆகையால் இங்கே ஒரு பசுவின் உடல்நலம் என்பது ஒரு குடும்பத்தின் மாத வரவாகும்.

முன்னாளில் இப்பிரதேசத்துக்குரிய மாடு ஆலம்பாடி இனம். உழவுக்கும் வண்டிக்கும் சிறந்த அவ்வினம் பால் சிறிதே தரும். பால் சிறிதாகையால், கன்று ஈனுவதால் அதன் இரத்தத்துக்கு ஏற்படும் பளுவும் சிறிதே. ஒசூரை அடுத்த மத்திகிரியில் 1824-ஆம் ஆண்டு குதிரை வளர்ப்புக்கெனத் தோன்றிப் பின்னர் கால்நடைப் பண்ணையாக மாறிய நிலையம் இருப்பதால், நல்ல இன மாடுகளைப் பற்றிய அறிவு இப்பக்கத்தாருக்குப் புதிதன்று. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினப் பசுக்கள் பரவிய பிறகு பால் பன்மடங்கு பெருகிற்று. ஆனால் பசு மாறிய அளவுக்குத் தீவன வழக்கம் மாறவில்லை. ஆலம்பாடிப் பசுவுக்குப் போதியதாயிருந்த பராமரிப்பு, நாளொன்றுக்குப் பதினைந்து லிட்டர் கறக்கும் பசுவுக்குப் போதுமென்று எண்ணுவது பிழை. குற்றம் கலப்பினத்தின் மீது அன்று; அதற்குத் தக்க உணவு அளியாமையின் மீதே.

இரத்தத்தில் நிகழும் மாறுதல்கள்

கறவைப் பசுவின் இரத்தத்தில் முக்கியமாகக் கவனிக்கத்தக்க பொருள்கள் சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், மக்னீசியம், சர்க்கரை, கீட்டோன் என்பன. இவற்றுள் சுண்ணாம்புச் சத்து 100 மில்லி லிட்டர் இரத்த நீரில் ஏறத்தாழ 8.5 முதல் 10 மில்லி கிராம் வரை இருத்தல் வேண்டும். சீம்பால் சுரக்கத் தொடங்கும் அன்று இக்கணக்குத் திடீரெனக் குலைகின்றது. பத்து லிட்டர் சீம்பாலுடன் சுமார் 23 கிராம் சுண்ணாம்புச் சத்து வெளியே போகிறது. பெரிய உடற்கட்டுடைய பசுவிலும் இரத்த நீர் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருப்பது சுமார் 3 கிராம் மட்டுமே. கையிருப்பைப் போல் ஏழெட்டு மடங்கு செலவு ஒரே நாளில் நேர்ந்தால் எக்குடும்பமும் தத்தளிக்கும்; பசுவும் அவ்வாறே தத்தளிக்கின்றது.

இச்செலவை ஈடு செய்ய, கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகள் வேலை செய்து, எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் சுண்ணாம்புச் சத்தை இரத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வேலை தாமதமாயின் இரத்தத்தில் அளவு இறங்குகிறது. 5.5 மில்லி கிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலும் பசு விழுந்து விடுகின்றது. இதனையே பால் காய்ச்சல் என்கின்றனர். பெயர் காய்ச்சலேயன்றி உடலில் சூடு இல்லை. காதும் கால்களும் குளிர்ந்து போகும். பெயரை நம்பிக் காய்ச்சல் மருந்து தேடிக் காலத்தைப் போக்குவோர் பசுவை இழக்க நேரிடும்.

1897-ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஷ்மிட் என்னும் கால்நடை மருத்துவர் மடிக்குள் மருந்து செலுத்தி இவ்வியாதிக்குச் சிகிச்சை செய்தார். பின்னர் காற்றை மட்டும் செலுத்தியும் பசுக்கள் பிழைத்தன. ஏன் பிழைத்தன என்பது அக்காலத்தில் விளங்கவில்லை. 1925-இல் லிட்டில், ரைட் என்னும் இருவர் இரத்தத்தைச் சோதித்துச் சுண்ணாம்புச் சத்து இறங்கியிருப்பதைக் காட்டிய பின்னரே, மடி விம்மியதால் பால் சுரப்பு நின்று, இரத்தத்திலிருந்து சத்து வெளியேறுவது தடைப்பட்டது என்னும் உண்மை தெளிவாயிற்று. நோயின் வேரை இரத்தமே காட்டிற்று என்பது கவனிக்கத்தக்கது.

5.5-க்கும் 8-க்கும் இடைப்பட்ட நிலையே இங்கு விவாதத்துக்குரியது. இந்நிலையில் பசு நிற்கும், நடக்கும், தின்னும். ஆனால் சதைகள் சுருங்கும் ஆற்றல் தளர்ந்திருக்கும். கருப்பை தளர்வதால் நஞ்சுக்கொடி தங்கும். காம்பின் வாய் சரியாக மூடாமையால் மடிநோய்க்கு வழி பிறக்கும். இரைப்பையின் அசைவு குன்றுவதால் தீவனம் குறையும். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களின் ஆற்றலும் தாழும். குடியானவர் கண்ணுக்கு இவை நான்கு வெவ்வேறு வியாதிகள். நான்கு முறை செலவு. வேர் ஒன்றே.

அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு எடுத்த இரத்த மாதிரிகளில், கன்று ஈன்ற இரண்டு நாட்களுக்குள் தலையீற்றுப் பசுக்களில் நூற்றுக்கு 25-உம், மூன்றாம் ஈற்றுப் பசுக்களில் ஏறத்தாழப் பாதியும் 8 மில்லி கிராமுக்குக் குறைந்த சுண்ணாம்புச் சத்துடன் இருந்தன. அவற்றுள் விழுந்தவை மிகச் சிலவே. அந்நாட்டின் பால் அளவும் தீவனமும் வேறு. அக்கணக்கை இராயக்கோட்டைக்கு அப்படியே ஒப்பிட இயலாது. இங்கே கணக்கு என்ன என்பதை இங்குள்ள பசுக்களின் இரத்தத்தைக் கொண்டே அறிய வேண்டும்.

வயிறு நிறைந்தும் பட்டினி

இரண்டாவது குறை சர்க்கரையைப் பற்றியது. கன்று ஈன்ற முதல் சில வாரங்களில் பால் விரைந்து ஏறுகிறது. பசி அவ்வளவு விரைவில் ஏறுவதில்லை. இவ்விடைவெளியை நிரப்பப் பசு தன் உடற்கொழுப்பைக் கரைக்கின்றது. அளவுக்கு மிஞ்சிக் கரைந்த கொழுப்பு ஈரலில் முற்றும் எரியாமல் கீட்டோன் பொருளாக மாறி இரத்தத்தில் தேங்குகிறது. சர்க்கரையின் அளவோ இறங்குகிறது. பசு முதலில் அடர் தீவனத்தை மறுத்து வைக்கோலை மட்டும் மெல்லும், பால் குறையும், உடல் விரைவில் இளைக்கும், சில பசுக்களின் மூச்சில் ஒருவிதப் பழ வாசனை வீசும். இரத்தத்தில் கீட்டோன் ஒரு லிட்டருக்கு 1.2 மில்லிமோல் என்னும் அளவை எட்டினாலே, வெளிக்குறி ஏதும் இல்லாவிடினும், குறை தொடங்கிவிட்டதென்று கொள்ளப்படுகின்றது.

இப்பகுதியில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. சந்தையில் விலை வீழ்ந்த நாட்களில் தக்காளியும், முட்டைக்கோசு இலையும், பூக்கோசுத் தழையும் கூடை கூடையாகத் தொழுவத்துக்கு வருகின்றன. இவை வீணாகாமல் மாட்டுக்குப் பயன்படுவது நன்றே. ஆயினும் தக்காளியிலும் முட்டைக்கோசிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர் என்பதை மறக்கலாகாது. பத்துக் கிலோ தழையில் பசுவுக்குக் கிடைக்கும் உலர்ந்த சத்து ஒரு கிலோவுக்கும் குறைவே. வயிறு நிறைந்து காணப்படும் பசு உண்மையில் பட்டினி கிடக்கிறது. அதன் பட்டினி இரத்தத்தில் எழுதப்படுகின்றது.

கீட்டோன் குறைக்கு வெல்லம் கரைத்து ஊற்றும் வழக்கமும் சில இடங்களில் உளது. மனிதர் வயிறு வேறு, மாட்டின் வயிறு வேறு. வாய்வழி செல்லும் வெல்லம் அசையிரைப்பையில் புளித்துப் போகுமேயன்றி, இரத்தத்தில் சர்க்கரையாகச் சென்று சேர்வது சிறிதே. அளவு மிகுந்தால் இரைப்பையே கெடும். மருத்துவர் இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தும் குளுக்கோசும், அவர் அளவிட்டு வாய்வழி கொடுக்கச் சொல்லும் புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் திரவமும் இதற்கு உரிய மருந்துகள்.

சிவந்த மூத்திரம்

மூன்றாவதாக, கன்று ஈன்ற சில வாரங்களில் பசுவின் மூத்திரம் காப்பி நிறமாகவோ சிவப்பாகவோ போதல் உண்டு. இதற்குக் காரணங்கள் பல. இரத்தத்தில் பாஸ்பரஸ் மிகவும் தாழ்ந்தால் சிவப்பணுக்கள் வலுவிழந்து உடையும். முட்டைக்கோசு இனத்துத் தழைகளை நாள்தோறும் மிகுதியாகத் தின்றாலும், அவற்றிலுள்ள ஒரு கந்தகப் பொருள் அசையிரைப்பையில் மாறுதலடைந்து சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணிகளால் பரவும் பபேசியா என்னும் நுண்ணுயிரும் அதே நிறத்தை உண்டாக்கும். கலப்பினப் பசுக்கள் உண்ணிக் காய்ச்சலுக்கு எளிதில் இலக்காவன.

கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் இவற்றுக்குச் சிகிச்சை மூன்று விதம். ஒன்றுக்குப் பாஸ்பரஸ் மருந்து. ஒன்றுக்குத் தழையை நிறுத்துதல். ஒன்றுக்கு நுண்ணுயிரைக் கொல்லும் மருந்து. ஊகத்தால் வைத்தியம் செய்வது மூன்றில் இரண்டு தடவை தவறிப் போகும் காரியம். கண்ணாடித் தகட்டில் பூசிய ஒரு துளி இரத்தம் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஐயத்தைப் பெரும்பாலும் தீர்த்து வைக்கும்.

எழுப்பப்படும் ஆட்சேபங்கள்

"நிற்கிற மாட்டுக்கு எதற்கு ஊசி?" என்பது குடியானவரின் முதல் ஆட்சேபம். இரத்தம் எடுத்தால் பால் குறையும் என்னும் அச்சமும் சிலருக்கு உண்டு. சோதனைக்கு எடுக்கப்படுவது பத்து மில்லி லிட்டர் அளவே. அதனால் பால் குறையாது. வயலில் மண் பரிசோதனை செய்து உரமிட ஒப்பும் குடியானவர், தொழுவத்தில் இரத்தப் பரிசோதனை செய்து தீவனமிட மறுப்பது பொருந்தாது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. இங்கிலாந்தில் காம்ப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் பேய்னும் அவர் துணைவர்களும் 1970-இல் வெளியிட்ட முறைப்படி, ஒரு மந்தையில் அதிகம் கறப்பவை ஏழு, நடுத்தரமாகக் கறப்பவை ஏழு, பால் வற்றியவை ஏழு ஆக 21 பசுக்களின் இரத்தத்தைச் சோதித்து மந்தையின் தீவனக் குறையை அறிந்தனர். ஒரு பசுவின் எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறக்கூடும். பல பசுக்களின் எண்கள் சேர்ந்தே உண்மையைக் காட்டும். இரண்டும் மூன்றும் வைத்திருக்கும் இராயக்கோட்டைக் குடியானவர் 21 பசுக்களுக்கு எங்கே போவார் என்று கேட்கலாம்.

விடை கிராமத்திலேயே இருக்கிறது. தொழுவங்கள் பலவாயினும் தீவனம் பெரும்பாலும் ஒன்றே. ஒரே கடையின் கலப்புத் தீவனம், ஒரே வகைக் கேழ்வரகுத் தாள், ஒரே தோட்டத்துத் தழை, ஒரே நிலத்தடி நீர். ஆகவே ஒரு தெருவின் பசுக்களை ஒரு மந்தையாகக் கொள்ளுவதில் பெரும் பிழை இல்லை. அத்தெருவில் புதிதாக ஈன்ற பன்னிரண்டு பசுக்களைச் சோதித்தால் போதும். இரண்டு மூன்றில் குறை காணப்படுமாயின் பன்னிரண்டு வீட்டாரும் தீவனத்தைத் திருத்திக்கொள்ளலாம். தனி மனிதனுக்கு எட்டாதது ஊருக்கு எட்டும்.

மூன்றாவது ஆட்சேபம் செலவைப் பற்றியது. சோதனை இலவசமாயினும் மாதிரி எடுத்து அனுப்ப ஆளும் நேரமும் வேண்டும் என்பது உண்மை. ஆனால் கிராமங்களில் கால்நடை முகாம்கள் இப்போதே நடக்கின்றன; தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் அங்கே அளிக்கப்படுகின்றன. முகாமின் வெற்றி எத்தனை மாடுகள் வந்தன என்னும் தொகையால் மட்டும் அளக்கப்படலாகாது. வந்த பசுக்களில் புதிதாக ஈன்றவை எவை, அவற்றின் இரத்தம் எடுக்கப்பட்டதா, முடிவு வீட்டுக்காரருக்குத் தெரிவிக்கப்பட்டதா என்னும் மூன்று கேள்விகளும் சேர வேண்டும். முடிவு தெரிவிக்கப்படாத சோதனை செய்யாத சோதனைக்கு ஒப்பாகும்.

செய்ய வேண்டுவன

1. சினை ஊசி போட்ட தேதியிலிருந்து ஏறத்தாழ 280 நாளில் பசு ஈனும். அத்தேதியைத் தொழுவச் சுவரிலாவது எழுதி வைத்து, ஈனுவதற்கு முன் மூன்று வாரமும் பின் மூன்று வாரமும் தனிக் கவனம் செலுத்துதல் வேண்டும். ஆண்டு முழுவதன் பாலும் இந்த ஆறு வாரங்களில் முடிவாகின்றது.

2. ஈனுவதற்கு முன் மூன்று வாரங்களில் சுண்ணாம்பு டானிக்கைத் தினமும் ஊற்றுதல் தவறு. வெளியிலிருந்து தாராளமாக வருவதால் பாராதைராய்டு சுரப்பிகள் சோம்பி, வேண்டிய அன்று வேலை செய்யாமல் போகும். ஈன்றதும் கொடுப்பது வேறு. அதனை மருத்துவர் சொற்படி கொடுக்கலாம்.

3. தொழுவக் கழிவு நீர் பாயும் இடத்தில் செழித்து வளர்ந்த கம்பு-நேப்பியர்ப் புல்லில் பொட்டாசியம் மிகுதி. அது இரத்தத்தைக் காரத்தன்மையின் பக்கம் சாய்த்துச் சுரப்பியின் கட்டளையைப் பயனற்றதாக்கும். கடைசி மூன்று வாரங்களில் அப்புல்லைக் குறைத்துக் கேழ்வரகுத் தாளைக் கூட்டுதல் நலம். குதிரைமசாலையும் அக்காலத்தில் அளவோடு கொடுக்க வேண்டும்.

4. பால் வற்றிய காலத்தில் பசுவைப் பட்டினி போடுவதும், கொழுக்க வைப்பதும் இரண்டும் தீங்கு. மிகக் கொழுத்த பசுவே ஈன்ற பின் கீட்டோன் குறைக்கு முதலில் ஆளாகும். அடர் தீவனத்தை ஈனுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்து சிறிது சிறிதாகப் பழக்கி, ஈன்ற பின் பாலுக்கேற்ப ஏற்ற வேண்டும்.

5. முட்டைக்கோசுத் தழையையும் தக்காளியையும் உலர் தீவனத்தோடு கலந்து சிறு அளவிலேயே கொடுக்க வேண்டும். அவை துணை உணவேயன்றி முழு உணவு அல்ல.

6. விழுந்த பசுவுக்கு அனுபவமற்றவர் சுண்ணாம்பு மருந்தை இரத்தக் குழாயில் விரைந்து ஏற்றுதல் உயிருக்கே அபாயம், இதயம் நின்றுவிடும். 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து மருத்துவரை வருவித்தலே முறை.

7. சுண்ணாம்புச் சத்தின் சோதனைக்கு ஈன்ற இரண்டு நாட்களுக்குள்ளும், கீட்டோன் சோதனைக்கு ஐந்தாம் நாள் முதல் பதினான்காம் நாளுக்குள்ளும் இரத்தம் எடுத்தல் பொருத்தம். கீட்டோனைத் தொழுவத்திலேயே கைக்கருவியால் சில நொடிகளில் அறியலாம். மற்றவை அன்றே சோதனைச் சாலை சேர வேண்டும். குழாயிலுள்ள இரத்தம் காத்திருக்கக் காத்திருக்க அணுக்களே சர்க்கரையை உண்டுவிடும். குலுங்கினால் அணுக்கள் உடைந்து முடிவும் பொய்க்கும்.

கிராம உத்தியோகஸ்தர் கடமை

ஊராட்சித் தலைவரும், கிராம நிர்வாக அலுவலரும், பால் கூட்டுறவுச் சங்கக் காரியதரிசியும் இதில் செய்யக்கூடியது பெரிது. எந்த வீட்டில் எந்தப் பசு எம்மாதம் ஈனும் என்னும் ஒரு சிறு பதிவேட்டைச் சங்கத்தில் வைத்தால், முகாமுக்கு வரும் மருத்துவர் நேரே உரிய தொழுவத்துக்குச் செல்லலாம். ஈன்ற பசுவின் பால் இரண்டாம் வாரத்தில் ஏறாமல் நிற்பதை முதலில் அறிபவர் பால் அளக்கும் காரியதரிசியே. அவர் ஒரு சொல் சொன்னால் வீட்டார் விழித்துக்கொள்வர். கிராம சபை கூடும் நாளில் சாலை, குடிநீர், விளக்கு ஆகியவற்றோடு, கால்நடை பராமரிப்புத் துறையின் நோய்ப் புலனாய்வுப் பிரிவு தங்கள் ஊர்ப் பசுக்களின் இரத்தத்தை ஆண்டுக்கு இருமுறை சோதித்துத் தர வேண்டுமென்று ஒரு தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. கேட்கப்படாத உதவி கிராமத்துக்கு வந்து சேர்வதில்லை.

சோதனை ஒன்றினாலேயே பால் பெருகிவிடும் என்று கொள்ளலாகாது. இரத்தம் குறையைக் காட்டும். குறையைத் தீர்ப்பது தீவனமும் கவனமுமே. காட்டிய பின்னும் பழைய வழக்கத்தை விடாதவருக்குச் சோதனையால் பயனில்லை. வழக்கத்தைத் திருத்திக்கொள்ள ஒப்புபவருக்கோ, எதைத் திருத்துவது என்று சொல்ல இதனினும் நேர்மையான சாட்சி இல்லை. பசு வாய் திறந்து பேசாது. அதன் இரத்தம் பேசும். பசு நிற்கும்போதே அதைக் கேட்பவர் பசுவையும் பாலையும் காப்பர்; விழுந்த பின் கேட்பவர் பசுவின் உயிரைக் காத்தால் அதுவே பெரிது. நில உடைமையாளரும் கிராம உத்தியோகஸ்தரும் வரும் ஈற்றுப் பருவத்துக்கு முன்னரே இதனைச் சிந்தித்துச் செயலில் இறங்குவார்களாக.